மட்டக்களப்புக் கோட்டையின் வரலாற்றை அளந்தும் ஒப்பிட்டும் எழுதுவது எப்படி

மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி எழுத உட்காருவோரின் முதல் வசனம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டை இன்றும் கம்பீரமாக நிற்கிறது.” ஆண்டு சரி, கட்டியவரும் சரி. “இன்றும் நிற்கிறது” என்பதுதான் பிழை. 1628 இல் எழுந்த கோட்டை 1638 இல் பீரங்கிக் குண்டு வாங்கியது. 1640களில் கண்டி அரசனின் கைக்குப் போய்க் குலைக்கப்பட்டது. 1660களில் ஒல்லாந்தர் திரும்பி வந்து எழுப்பியதே இன்று காணும் மதிலின் பெரும்பகுதி. அதன்மேல் ஆங்கிலேயர் தங்கள் கச்சேரிக்காக (மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்காக) செய்த மாற்றங்கள் ஏறியிருக்கின்றன. ஆகவே இது ஒரு கட்டடம் அல்ல, ஒன்றின் இடத்தில் ஒன்றாக வந்த பல கட்டடங்கள். ஒரு சுவரைக் காட்டி “இது யாருடையது?” என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவரே இந்தக் கோட்டையின் வரலாற்றை எழுத முடியும்.

பாடசாலைச் செயற்றிட்டம் செய்யும் மாணவருக்கும், ஊர் வரலாறு தொகுப்போருக்கும், வெளியூராரை அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டிகளுக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும். ஒழுங்காகச் செய்தால் களத்தில் இரண்டு காலைப்பொழுது, மேசையில் இரண்டு மூன்று வாரம் தேவைப்படும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வாசலில் தொடங்க வேண்டாம். வாவிக்கு அப்பால் போய், கோட்டை மதில் தண்ணீரில் தெரியும் ஓர் இடத்தில் நில்லுங்கள். தோணி கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு விடயங்கள் அங்கிருந்து உடனே விளங்கும்.

முதலாவது, கோட்டை கடலைப் பார்த்து நிற்கவில்லை. புளியந்தீவு வாவிக்குள் இருக்கும் தீவு. கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய கால்வாய், நான்கு மூலையிலும் மதிலைவிட்டு வெளியே நீண்டு நிற்கும் கொத்தளம். வாவி கடலைச் சேரும் முகத்துவாரம் பாலமீன்மடுப் பக்கம், கோட்டையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. 1913 இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கும் இடம் அதுதான்.

இரண்டாவது, அந்த முகத்துவாரத்தில் மணல்திட்டு உண்டு. வாடைக் காலத்து வெள்ளம் அதை உடைக்கும், வரண்ட மாதங்களில் மணல் மறுபடி மூடும். பெரிய பாய்க்கப்பல் அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. கப்பல் வெளியே நங்கூரமிட, ஆட்களும் பொருட்களும் படகில் உள்ளே வந்தன. எனவே கோட்டையின் வேலை கப்பலைச் சுடுவது அல்ல, படகு வழியை மறிப்பது. வாவி தெற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வண்டிப்பாதை இல்லாத காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களின் நெல்லும் காட்டின் மெழுகும் தேனும் வந்துபோன பாதை இந்த நீர்தான். வாவிக்குள் நுழைபவர் தீவைக் கடந்தாக வேண்டும்.

இதை வாயால் சொல்வதைவிட வரைந்து காட்டலாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தில் கோட்டையை மையமாக வைத்து இரண்டு வட்டம் போடுங்கள். 500 மீற்றர் ஆரையில் ஒன்று, 1,500 மீற்றர் ஆரையில் ஒன்று. (அந்த அளவுத்திட்டத்தில் 5 சென்ரிமீற்றரும் 15 சென்ரிமீற்றரும் வரும்.) முதலாவது, 17 ஆம் நூற்றாண்டுப் பீரங்கி குறிவைத்து அடிக்கக்கூடிய தூரத்தின் பரும்படி மதிப்பு. இரண்டாவது, குண்டு போய் விழும், ஆனால் படும் என்று நம்ப முடியாத தூரம். முகத்துவாரம் இரண்டு வட்டத்துக்கும் வெளியே கிடப்பது கண்ணுக்குத் தெரியும். “முகத்துவாரத்தைக் காத்த கோட்டை” என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் அதை வெட்டிவிடலாம்.

வட்டத்துக்குள் விழும் இடப்பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரைக்குக் கோட்டைமுனை என்ற பெயர் சும்மா வரவில்லை. இடப்பெயரும் ஓர் ஆவணம்தான். அது எப்போது எழுதப்பட்டது என்று மட்டும் சொல்லாது.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. புளியந்தீவில் காந்தி பூங்காப் பக்கம் வாவிக்கரையில் நிற்கும் சிறிய வளைவை, “மட்டக்களப்பு வாயில்” என்ற பெயரை நம்பிக் கோட்டையின் வாசல் என்று படத்தோடு போட்டுவிடுகிறார்கள். அது கோட்டையின் பகுதி அல்ல. 1814 இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய நினைவோடு சேர்த்துச் சொல்லப்படும் இறங்குதுறை வளைவு அது.

உள்ளே போகுமுன்

கோட்டை நெடுங்காலம் கச்சேரியாக இருந்த அரச வளவு. வேலைநாள் காலையில் போய், பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டு, அடையாள அட்டையைக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மாணவர் குழு என்றால் அதிபரின் கடிதம் கையில் இருக்கட்டும். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட வேண்டாம்.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. கோட்டை அதற்குள் அடங்கும். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்ப்பது, சுவரில் ஆணி அடித்து நூல் கட்டுவது, சோக்கால் புள்ளி வைப்பது, நிலத்தைக் கிண்டுவது எல்லாம் குற்றமாகலாம். உதிர்ந்து கிடக்கும் துண்டையும் எடுத்துவர வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் பிடியுங்கள்.

தேவையானவை: 30 மீற்றர் அளவுநாடா ஒன்று, 5 மீற்றர் உருக்கு நாடா ஒன்று, தூக்குக்குண்டும் நூலும், 20 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசிய 2 மீற்றர் தடி, கட்டக்கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், வியர்வையில் ஊறிவிடும். குறைந்தது மூன்று பேர் வேண்டும்: நாடாவின் இரண்டு நுனிக்கு இருவர், எழுத ஒருவர். எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். அறுபதும் எழுபதும் காற்றில் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

மழை மாதங்களான நவம்பர் முதல் ஜனவரி வரை தவிர்த்தால் நல்லது. மதில் நனைந்திருந்தால் சாந்தின் நிறம் தெரியாது, பாசி எல்லாவற்றையும் மூடிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாடா வில்லாக வளையும். அந்தக் காலத்தில் ஒரே இழுப்பில் 15 மீற்றருக்கு மேல் அளக்காதீர்கள். படம் பிடிக்கக் காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் போங்கள். சாய்ந்த வெயில் சுவரை உரசிப் போகும்போதுதான் அடைத்த துளைகளும் ஒட்டுப்போட்ட இடங்களும் நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படம் தபாலட்டைக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது.

நான்கு மூலையை அளப்பது

கோட்டை சதுரம் என்று எழுதியிருப்பதை நம்பி ஒரு பக்கத்தை மட்டும் அளந்து நான்கால் பெருக்குவதுதான் வழமையான பிழை. உள்முற்றத்தில் நான்கு பக்கத்தையும் அளந்து, பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளவுங்கள். நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் இருந்தாலே உருவம் நிலைத்துவிடும். இரண்டாவது மூலைவிட்டம் சரிபார்க்க. 1:200 இல் வரையுங்கள், 1 மில்லிமீற்றர் 20 சென்ரிமீற்றருக்குச் சமம். வரைந்த இரண்டாம் மூலைவிட்டத்துக்கும் நிலத்தில் அளந்ததற்கும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஓர் அளவு பிழை. பென்சிலால் இழுத்துப் பொருத்தி மறைக்காமல் திரும்பப் போய் அளவுங்கள். நடுவில் கட்டடம் மறித்தால் முற்றத்தை இரண்டு மூன்று முக்கோணமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கொத்தளத்துக்கு ஐந்து பகுதி உண்டு: வெளியே கூராகச் சேரும் இரண்டு முகம், மதிலோடு போய்ச் சேரும் இரண்டு விலா, உள்ளே திறந்த கழுத்து. இவற்றின் கோணத்தைக் கைப்பேசித் திசைகாட்டியால் எடுக்கவே கூடாது. பக்கத்தில் இரும்புப் பீரங்கி கிடந்தால் அல்லது தரைக்குள் கம்பி போட்ட கொங்கிறீற்று இருந்தால் ஊசி பல பாகை விலகும். அதற்குப் பதிலாக 20 மீற்றர் நீளத்தில் ஓர் அடிக்கோட்டை நிலத்தில் பிடித்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். வரும் முக்கோணத்தின் கோணங்கள் 30 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். அதைவிடக் கூராக இருந்தால் நாடாவில் இரண்டு சென்ரிமீற்றர் பிழை வரைபடத்தில் பல மடங்காக ஊதிவிடும்.

தண்ணீர்ப் பக்கத்து முகங்களை மதிலின் மேலிருந்துதான் அளக்கலாம். ஆனால் மதில் செங்குத்து அல்ல, அடி பருத்து மேலே போகப்போக ஒடுங்கும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு மீற்றரிலும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டால் சாய்வு கிடைக்கும். கைப்பிடிச்சுவரின் விளிம்பில் ஏறி நிற்காதீர்கள். பழைய சாந்து ஆள்பாரம் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

வந்த அளவுகளை இன்னொரு அலகுக்கும் மாற்றிப் பாருங்கள். ஒல்லாந்தப் பொறியாளர்கள் றைன்லாந்து றூடெ என்ற கோலைப் பயன்படுத்தினார்கள். ஒரு கோல் 12 அடி, 3.767 மீற்றர். அவர்களின் ஓர் அடி 31.4 சென்ரிமீற்றர். மதிலின் நீளம் அந்தக் கோலில் முழு எண்ணுக்கோ அரை எண்ணுக்கோ மிகக் கிட்ட வந்து, அது இரண்டு மூன்று பக்கத்திலும் திரும்ப நிகழ்ந்தால், ஒல்லாந்தக் கை அதை நூல்பிடித்திருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. ஒரே பக்கத்தில் மட்டும் வந்தால் தற்செயல். பூச்சின் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்து பத்துச் சென்ரிமீற்றர் வரை ஏமாற்றக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கல், சாந்து, பூச்சு

பூச்சு உரிந்த இடம் ஒவ்வொன்றும் திறந்த சன்னல் போல. அங்கே மூன்றைப் பாருங்கள். கல் என்ன வகை: கருங்கல்லா, முருகைக்கல்லா, செங்கல்லா? முருகைக்கல்லைச் சின்னச் சின்னப் பூப்போன்ற குழிகளால் அடையாளம் காணலாம். வரிசை எப்படி: உருவாக்கிய கல்லா, கிடைத்ததைப் பொருத்தியதா? சாந்து என்ன: சுண்ணாம்பா, சீமெந்தா?

சுண்ணாம்புச் சாந்து வெள்ளையோ பால்மஞ்சளோ ஆக, சில இடத்தில் சிப்பித் துணுக்கோடு இருக்கும். சீமெந்து சாம்பல் நிறம், ஓரம் கூராக நிற்கும். சீமெந்து தெரிந்தால் அது ஒல்லாந்தருடையது அல்ல, பிற்காலத் திருத்தம். அது எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று குறியுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசினால் உள்ளே உறிஞ்சிய உப்புநீர் வெளியேற வழியின்றிக் கல்லின் முகத்துக்கே வந்து உப்பாகப் பூத்து, கல்லை ஏடு ஏடாக உரிக்கும். வாவிப் பக்கச் சுவரில் நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரம் வரை உரிந்து, அதற்கு மேலே சுவர் நன்றாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பழமையால் உரிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

வாசலைத் தனியே ஆராயுங்கள். கட்டும்போதே வைத்த வாசல் மதிலின் முழுக் கனத்தையும் ஊடறுத்து வில்வளைவுக் கூரையோடு போகும். வளைவுக் கற்கள் ஆப்பு வடிவில் மதிலோடு பிணைந்திருக்கும். பிற்காலத்தில் வண்டி போக மதிலை உடைத்த இடத்தில் வெட்டு முகம் தட்டையாக இருக்கும், கல்வரிசை சடுதியாக நிற்கும், மேலே வளைவு இருக்காது அல்லது செங்கல்லால் ஒட்டியிருக்கும். இப்போது எல்லோரும் நடந்துபோகும் வழியே ஆதி வாசல் என்று எண்ண வேண்டாம். தண்ணீரால் வந்தவர்களின் கோட்டைக்கு வாசலும் தண்ணீர்ப் பக்கம் இருந்திருக்க வேண்டாமா என்ற கேள்வியோடு வாவிப் பக்கச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

உள்ளே நிற்கும் ஓட்டுக்கூரை அலுவலகங்களைக் கோட்டை என்ற பெயரில் சேர்த்து எழுத வேண்டாம். கூரை, கதவு, சன்னல் எல்லாம் மதிலைவிட வேகமாக மாறுபவை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பில் கூரை என்று எதையும் சும்மா விடவில்லை. அதனால் கூரையை வைத்துக் காலம் சொல்வது ஆபத்து.

பீரங்கியிடம் கேட்க வேண்டியது

பீரங்கியின் வாயை அளந்தால் அதன் குண்டு எத்தனை இறாத்தல் என்று கணக்கிடலாம். ஆங்கில அளவில் வாய்விட்டம் ஏறக்குறைய 93 மில்லிமீற்றர் என்றால் 6 இறாத்தல், 107 என்றால் 9, 117 என்றால் 12, 134 என்றால் 18, 148 என்றால் 24. வாயின் ஓரத்தில் அளக்காதீர்கள். உப்புக்காற்றில் துரு தின்று ஓரம் விரிந்திருக்கும், அல்லது பூசிய மையின் கனத்தால் ஒடுங்கியிருக்கும். ஒரு சாண் உள்ளே கையை விட்டு, மூன்று வேறு திசையில் அளந்து நடுப்பெறுமானம் எடுங்கள். கையை விடுமுன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், குளவிக்கு அது நல்ல வீடு.

நீளத்தை வாயிலிருந்து பின்பக்கத்துத் தடித்த வளையம் வரை எடுங்கள். கடைசிக் குமிழைச் சேர்க்கக் கூடாது. பிறகு குறிகளைத் தேடுங்கள். ஆங்கிலேயருடையதில் முடியும் அரசரின் பெயரெழுத்தும் இருக்கலாம், அல்லது அகன்ற அம்புக்குறி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியுடையதில் அதன் பெயரின் முதலெழுத்துகளான வீ, ஓ, சீ மூன்றும் பின்னிய முத்திரை. (கப்பலோட்டிய வ.உ.சி.யோடு குழம்ப வேண்டாம். அவரும் ஒரு கப்பல் கம்பனியை எதிர்த்தவர்தான், ஆனால் அது வேறு கதை.) முத்திரைக்கு மேலே தனி எழுத்து ஒன்று இருந்தால் அது கம்பனியின் ஆறு கிளைகளில் எது என்று சொல்லும்: அம்ஸ்ரர்டாம், சீலாந்து, டெல்வ்ற், றொற்றர்டாம், ஹோர்ண், என்க்ஹௌசன்.

ஆங்கிலப் பீரங்கியில் 23-2-14 என்ற மாதிரி மூன்று எண் வெட்டியிருந்தால் அது திகதி அல்ல, நிறை. முதலாவது அந்தர், இரண்டாவது கால் அந்தர், மூன்றாவது இறாத்தல். பழைய அந்தர் 112 இறாத்தல். ஆகவே 23 அந்தர் 2,576 இறாத்தல், இரண்டு கால் அந்தர் 56, அதோடு 14. மொத்தம் 2,646 இறாத்தல், ஏறக்குறைய 1,200 கிலோ. உரமூடையை இன்றும் அந்தர் என்று சொல்லும் நமக்கு இந்தக் கணக்கு அந்நியம் அல்ல. குறி தெரியாவிட்டால் கம்பித் தூரிகையால் உரசாதீர்கள். இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அல்லது மெல்லிய தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்த்து உருவெடுங்கள்.

பீரங்கி இருக்கும் இடத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. உருட்டக்கூடிய பொருள் எல்லாம் உருண்டிருக்கும். அலங்காரத்துக்காகக் கொத்தளத்தில் ஏற்றி வைத்ததாகவும் இருக்கலாம்.

ஆண்டுகளைக் கோப்பது

ஆண்டுக்கோவையை ஒரே பட்டியலாக எழுதாமல், ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே “யார், எந்த நிலையில்” என்று எழுதுங்கள்.

1602 மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினார். அப்போது இங்கே ஐரோப்பியக் கோட்டை எதுவும் இல்லை. அவரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள் என்று எழுதுவது பரவலான பிழை. கம்பனி 1602 மார்ச்சில்தான் பிறந்தது. அவர் 1601 இல் சீலாந்து வணிகர் மூஷெறோனின் கப்பல்களோடு புறப்பட்டவர். கம்பனியின் முதல் கப்பற்படையைச் சேர்ந்தவர் அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட். அவர் 1603 இல் கண்டி அரசன் விமலதர்மசூரியனோடு முரண்பட்டு இந்தக் கரையிலேயே தன் ஆட்களோடு கொல்லப்பட்டார்.

1628, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினோ டி சா காலத்தில் கோட்டை. கண்டிக்குக் கிழக்குத் துறைமுகங்கள் கிடைக்காமல் அடைப்பதே நோக்கம். திருகோணமலை அதற்குச் சில ஆண்டு முன்பே அடைக்கப்பட்டுவிட்டது. 1638 இல் ஒல்லாந்தத் தளபதி வில்லம் கொஸ்ரர் முன்கூட்டி வந்து பீரங்கிமேடை அமைக்க, அவர்களின் கடற்படைத் தலைவர் அடம் வெஸ்ரர்வோல்ட் பெரும்படையோடு சேர்ந்தார். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையும் உடனிருக்க, மே 18 இல் கோட்டை வீழ்ந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதற்கோட்டை இது. அடுத்தது 1640களில் கைமாற்றமும் குலைப்பும், பின் 1660களில் மீள்வருகை. 1795 செப்ரெம்பர் 18 இல் ஆங்கிலேயர். திருகோணமலை ஓகஸ்டில் விழுந்தபின் இது, பத்து நாளில் யாழ்ப்பாணம், 1796 பெப்ரவரியில் கொழும்பு. இந்த ஓட்டத்தை மனதில் வைத்திருந்தால், “1745 முதல் ஆங்கிலேயர் கோட்டையைப் பயன்படுத்தினர்” என்ற வரியை எங்காவது காணும்போது கை தானாக நிற்கும். 1745 இல் இங்கே இருந்தவர் ஒல்லாந்தர். 1795 இன் 9 ஐ 4 ஆக அடித்த பிழை போலும், பக்கம் பக்கமாகப் பயணம் செய்கிறது.

திகதிகளை மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்து, சீலாந்து மாகாணத்தாரும் 16 ஆம் நூற்றாண்டிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 இல் மாறினார்கள், இங்கு வந்தது அதற்குப் பிறகு.

ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு முகம்

கோட்டை விழுந்து ஐந்து நாளில், 1638 மே 23 இல், மட்டக்களப்பிலேயே இராசசிங்கனும் வெஸ்ரர்வோல்டும் ஒப்பந்தம் செய்தார்கள். போர்ச்செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு போன்ற பொருளால் தீர்ப்பது, ஒல்லாந்தருக்கு வணிக உரிமை, பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவல். சிக்கல் கடைசியில்தான். “அரசன் விரும்பினால்” என்ற நிபந்தனை ஒரு பிரதியில் உண்டு, மற்றதில் இல்லை. அடுத்த பல ஆண்டுச் சண்டைக்கும் மனக்கசப்புக்கும் அந்தச் சின்னச் சொற்றொடர் போதுமானதாக இருந்தது. இன்று “ஒல்லாந்தர் ஏமாற்றினர்” என்றோ “அரசன் வாக்கு மாறினான்” என்றோ எழுதுபவர் பெரும்பாலும் ஒரு பிரதியை மட்டும் பார்த்தவர். எழுதும்போது எந்தப் பிரதியிலிருந்து எடுத்தீர்கள் என்பதை அதே வசனத்திலேயே சொல்லுங்கள்.

ஆவணத்தில் தேடுவது

கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலப் பதிவுகள் 1640 முதல் 1796 வரை இருக்கின்றன. அங்கே போகுமுன் இணையத்தில் செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள். ஹேக் நகரத்துத் தேசியச் சுவடிக்கூடத்தில் கம்பனியின் ஆவணத்தொகுதி 1.04.02 என்ற எண்ணில் இருக்கிறது. படங்களாகப் பார்க்கலாம், இயந்திரம் வாசித்த எழுத்துப்பெயர்ப்பிலும் தேடலாம். மொழி தெரியாவிட்டாலும் இடப்பெயரையும் ஆண்டையும் வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட முடியும்.

இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் கொடுத்தால் பாதிகூடக் கிடைக்காது. பத்தேகலோ, பத்திகலோ, பத்தேகலூ, மத்தேகலோ என்று ஒலிக்கும் வடிவங்களை எல்லாம் போட்டுப் பாருங்கள். முற்காலப் பயணிகள் “ம”வில் தொடங்கி எழுதியதே நம் பெயருக்குக் கிட்டியது. ஒல்லாந்தர் “உ” ஒலிக்கு ஓ, ஈ என்ற இரண்டு ரோமன் எழுத்தைச் சேர்த்தும், “ய” ஒலிக்கு ஜே எழுத்தையும் எழுதுவார்கள். புளியந்தீவைத் தேடும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

மட்டக்களப்பு என்ற சொல்லின் எல்லையும் முக்கியம். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதற்கு முந்திய ஆவணத்தில் மட்டக்களப்பு என்றால் வடக்கே கோறளைப்பற்றிலிருந்து தெற்கே பாணமைப்பற்று வரை சேரும். கரைவாகு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் இதற்குள்தான். கல்முனைக்காரர் தம் ஊர்ச் செய்தியைக் கோட்டைக் கோப்பில் தேட வேண்டிய காரணம் இது. கோட்டைத் தலைவர் தமக்குப் பின் வருபவருக்கு எழுதி வைத்துப்போன நினைவுக் குறிப்புகள் இந்த வகையில் பொக்கிஷம். 1784 முதல் பத்தாண்டு இங்கே தலைவராக இருந்த யாக்கோப் புர்ணான்ட் 1794 இல் எழுதியதில் பீரங்கியைவிட நெல்லும் நீர்ப்பாசனமும்தான் அதிகம். கோட்டை எதற்காக இருந்தது என்பதற்கு அதுவே ஒரு பதில்.

இந்தக் கோப்புகள் எல்லாம் கோட்டைக்குள் இருந்தவர் எழுதியவை. வெளியே இருந்தவரின் குரல் ஏட்டுச்சுவடிகளிலும் கோயில் கல்வெட்டுப் பாடல்களிலும் உண்டு. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் அந்த மரபைச் சேர்ந்தது. குடி, வன்னிமை (உள்ளூர்த் தலைமை), கோயில் உரிமை பற்றி அது சொல்வதைக் கவனமாக எடுங்கள், ஆனால் அதன் ஆண்டுக்கணக்கைக் கம்பனித் திகதியோடு ஒட்டித் தைக்க முயல வேண்டாம். இரண்டும் வேறு வேறு தேவைக்கு எழுதப்பட்டவை.

வயதானவர்களிடம் கேட்கும்போது “கோட்டை” என்று கேட்டால் பாடப்புத்தகத்தைத்தான் திருப்பிச் சொல்வார்கள். “பழைய கச்சேரிக்கு என்ன அலுவலாகப் போனீங்கள், எந்த வழியால் உள்ளே போனீங்கள், கால்வாயில் அப்ப தண்ணி எவ்வளவு நின்றது?” என்று கேளுங்கள். வாசலும் கால்வாயும் எப்போது மாறின என்பதற்குக் கோப்பைவிட அவர்களின் கால் நன்றாகச் சாட்சி சொல்லும். சொன்னவரின் பெயரை அவர் சம்மதமில்லாமல் போட வேண்டாம். பிறந்த ஆண்டும் ஊரும் போதும்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து இடுங்கள்: அளந்தது “அ”, ஆவணத்தில் கண்டது “ஆ”, வாய்மொழி “வா”, உங்கள் ஊகம் “ஊ”. “ஊ” இட்ட வசனங்களில் “போலும்”, “இருக்கலாம்” இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள். எதுவும் இட முடியாத வசனத்தை நீக்குங்கள். “கம்பீரமாக” என்ற சொல் பெரும்பாலும் அத்தோடு போய்விடும்.

வரைபடத்தில் வடக்கு அம்பு, மீற்றர் அளவுக்கோல், அளந்த திகதி மூன்றும் இருக்கட்டும். “1:200” என்று மட்டும் எழுதினால் போதாது. நகலெடுக்கும் கடையில் ஒருமுறை சுருக்கி அடித்துவிட்டால் அந்த எண் பொய்யாகிவிடும், கோடாக வரைந்த அளவுக்கோல் படத்தோடு சேர்ந்து சுருங்கும். ஒரு பிரதியைப் பொது நூலகத்துக்கும் ஒன்றைப் பாடசாலைக்கும் கொடுங்கள். களத்தில் எழுதிய அழுக்குக் கொப்பியையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்து அளக்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.